கோட்டைக்குள் அரசன், கொழும்பில் அச்சகம்

தீவும் கரையும் – 11

மதுரை நாயக்கர் உறவுப் பெண்கள் கண்டி அரண்மனைக்கு மருமகள்களாகப் போனதையும், சிங்கள அரசனுக்கு வாரிசு இல்லாமல் போனபோது 1739-இல் அரசியின் சகோதரனே அரியணை ஏறியதையும் சென்ற இதழில் பார்த்தோம். அந்த வரிசையில் நான்காமவன், கடைசி அரசன், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. பதினெட்டு வயதில் முடிசூடி, முப்பத்தைந்து வயதில் பிடிபட்டு, மிச்சமிருந்த பதினாறு ஆண்டுகளை வேலூர்க் கோட்டைக்குள் கழித்து, 1832 ஜனவரி 30 அன்று இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் கல்லறையைச் சுற்றி 1990-இல் முத்துமண்டபம் எழுந்தது.

அவன் சாவதற்குச் சரியாக இருபத்தொன்பது நாள் முன்பு, 1832 ஜனவரி 1 அன்று, கொழும்பில் 'கொழும்பு ஜர்னல்' என்று ஒரு பத்திரிகை வெளிவந்தது. ஆட்சி விவகாரங்களை வெளிப்படையாக விவாதித்த இலங்கையின் முதல் இதழ் அது. அடுத்த இரண்டரை ஆண்டுகளுக்குள் சுதந்திரமான பத்திரிகை ஒன்றும், பெயரளவிலாவது ஒரு சட்டசபையும் அந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தன. அரசனுக்கும் அச்சகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நான் பார்த்தவரை கண்டி அரசனின் வீழ்ச்சியை எழுதுகிறவர்கள் அமைச்சன் எகலப்பொலவின் துரோகத்தை எழுதுவார்கள், ஆங்கில அதிகாரி டொயிலியின் ஒற்றர்களை எழுதுவார்கள், நாயக்கர்–சிங்களர் பூசலை எழுதுவார்கள். தீவில் அன்று அச்சு யார் கையில் இருந்தது என்பதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. இந்த இதழ் அதைப் பற்றியது.

அச்சு இலங்கைக்குப் புதிதல்ல. டச்சுக்காரர்கள் 1737 முதலே கொழும்பில் சிங்களத்திலும் பின்னர் தமிழிலும் கிறிஸ்தவ நூல்களை அச்சிட்டார்கள். 1796-இல் கரையோரப் பகுதி ஆங்கிலேயரிடம் விழுந்தபோது அதை முதலில் ஆண்டது லண்டன் அல்ல, சென்னை. கிழக்கிந்திய கம்பெனியின் சென்னை அதிகாரிகள், இங்கே ஆற்காட்டுச் சீமையில் பழகிய வரிமுறையை அப்படியே அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். தென்னைக்கு வரி. வசூலிக்கச் சென்னையிலிருந்து அமில்தார்கள். 1797-இல் மக்கள் கிளர்ந்தார்கள். அதில் பட்ட சூட்டில்தான் இலங்கையைக் கம்பெனியிடமிருந்து பிரித்து, 1802 முதல் மன்னர் நேரடியாக ஆளும் காலனியாக்கினார்கள். அதே ஆண்டு மார்ச் 15 அன்று அரசாங்க கெஜட் தொடங்கியது. சட்டம், நியமனம், ஏலம், பிரகடனம் எல்லாம் அதில்தான். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு, மிஷனரிகளின் சமயப் பிரசுரங்களைத் தள்ளிவிட்டால், தீவில் அச்சடித்த காகிதம் என்றாலே அது அரசாங்கத்தின் காகிதம்தான்.

மலைநாட்டில் கண்டி அரசு மட்டும் தனித்து நின்றது. அங்கே ஓலைதான் எல்லாம். அரசன் ஆணையும் ஓலையில், பிரதானிகளின் மனுவும் ஓலையில். கரையோரத்தில் கெஜட்டும் மலையில் ஓலையும் இருந்த அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில்தான் ஸ்ரீ விக்கிரமனின் பெயர் கெட்டது. எவ்வளவு தானாகக் கெட்டது, எவ்வளவு கெடுக்கப்பட்டது என்பதுதான் விவாதம்.

தானாகக் கெட்டது கொஞ்சமல்ல. அவனை அரியணையில் ஏற்றியவன் பிலிமத்தலாவ என்ற மகா அதிகாரம், அதாவது முதலமைச்சன். பொம்மையாக வைத்து ஆளலாம் என்று பார்த்தான். பொம்மை எழுந்து நின்றுவிட்டது. கடைசியில் பிலிமத்தலாவவின் தலை போனது. கண்டி நகரின் நடுவே இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் ஏரியை வெட்டியவன் இந்த அரசன்தான். வெட்டியது ராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பால். மக்கள் முணுமுணுத்தார்கள். அடுத்த மகா அதிகாரமான எகலப்பொல 1814-இல் ஆங்கிலேயரிடம் ஓடியபோது, அவன் மனைவியும் குழந்தைகளும் கண்டியில் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளின் தலையை உரலில் போட்டு இடிக்கும்படி தாயையே கட்டாயப்படுத்தினார்கள் என்ற கதை இலங்கையில் பள்ளிப் பிள்ளைகள்வரை தெரிந்தது. அதே ஆண்டு இறுதியில், கரையோரத்திலிருந்து போன வியாபாரிகள் பத்துப் பேரை ஒற்றர்கள் என்று சொல்லி அங்கஹீனம் செய்தார்கள். படையெடுக்க ஆளுநர் ராபர்ட் பிரௌன்ரிக்குக்கு இந்தச் சாக்கு போதுமானதாக இருந்தது.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் அச்சு நுழைகிறது. படையெடுப்புக்கு நியாயம் சொன்ன பிரகடனம் அரசாங்க அச்சகத்தில் அடித்தது. கண்டி விழுந்த அதே 1815-இல், 'நேரில் இருந்த ஒரு கனவான்' எழுதியதாக லண்டனில் ஒரு சிறு நூல் வந்தது. எழுதியவர் பெயர் இல்லை. அரசனின் கொடுமைகள் அதில் வரிசையாக இருந்தன. மறுத்துச் சொல்ல எதிர்த்தரப்புக்கு ஒரு தாளும் இல்லை. மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 2017-இல் வெளியிட்ட பெரிய நூலில் இந்தச் சித்திரத்தைத் துருவித் துருவி ஆராய்ந்து, இதில் பெரும்பங்கு ஜான் டொயிலியும் கூட்டாளிகளும் சேர்ந்து உருவாக்கியது என்று வாதிட்டார். டொயிலி அரசாங்கத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளர். கண்டிக்குள் பெரிய ஒற்றர் வலையை நடத்தியவர். சிங்களம் நன்றாகப் படித்தவர். ஒற்றர் தலைவனே மொழிபெயர்ப்பாளன், அவன் மொழிபெயர்ப்பே அரசாங்கத்தின் பிரசுரம் என்றால் வேறென்ன வரும்? அதற்காக ஸ்ரீ விக்கிரமன் அப்பாவி என்று நான் சொல்ல வரவில்லை. கழுவேற்றம் அவன் காலத்தில் நடந்தது. அவனுக்கு முந்தையவர்கள் காலத்திலும் நடந்தது. விசாரணை ஒரு தரப்பாகவே நடந்து, தீர்ப்பும் ஒரு தரப்பாலேயே அச்சிடப்பட்டது என்பதுதான் விஷயம்.

1815 பிப்ரவரி 14 அன்று ஆங்கிலப் படை கண்டிக்குள் நுழைந்தது. பிப்ரவரி 18 அன்று மெதமஹநுவர அருகே மறைந்திருந்த அரசனை, எகலப்பொலவின் ஆட்கள் பிடித்துக் கட்டி, அவமானப்படுத்தி ஒப்படைத்தார்கள். மார்ச் 2 அன்று கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. தமிழ் வாசகர்கள் அந்த ஒப்பந்தத்தை ஒருமுறையாவது படிக்க வேண்டும். அரசன் 'மலபார்' என்று குறிக்கப்படுகிறான். தென்னிந்தியர்களை, குறிப்பாகத் தமிழர்களை, அன்று ஐரோப்பியர் அழைத்த பெயர் அது. அவனுடைய ஆண் உறவினர்கள் யாராவது மலைநாட்டில் கால் வைத்தால் மரண தண்டனை. வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் திரும்பி வரவும் தடை. சித்திரவதை ஒழிக்கப்படுகிறது, பௌத்தம் காக்கப்படும் என்றெல்லாம் வாக்குறுதி. இதில் கையெழுத்திட்ட கண்டிப் பிரதானிகளில் சிலர் தமிழ் எழுத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்! மலபார்காரனை விரட்டும் பத்திரத்தில் தமிழ் எழுத்து. அந்த அரசவையில் எவ்வளவு கலந்து வாழ்ந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பிடிபட்ட அரசனைக் கொழும்பில் ஏறத்தாழ ஓராண்டு காவலில் வைத்திருந்தார்கள். காவல் பொறுப்பில் இருந்தவர் மேஜர் ஹூக் என்பவர். அவரிடம் அரசன் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. கண்டியில் ராணுவ மருத்துவராக இருந்த ஹென்றி மார்ஷல், 1846-இல் வெளியிட்ட நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். உங்கள் ஆளுநர்களுக்கு எங்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. கோபத்தில் எதையும் செய்ய விடாத ஆலோசகர்கள் அவர்களைச் சுற்றி இருக்கிறார்கள். எங்கள் விஷயத்தில் கோபம் தணிவதற்குள் குற்றவாளி செத்துவிடுகிறான் – இதுதான் அந்தப் பேச்சின் சாரம். தோற்ற அரசன் சிறைக்காவலரிடம் பேசியது. கொஞ்சம் முகஸ்துதியும் இருக்கலாம். ஆனாலும் ஆட்சியியல் பற்றி அந்தத் தீவில் அன்றைக்கு வேறு யாரும் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதாகத் தெரியவில்லை. அதிகாரத்துக்கும் தண்டனைக்கும் இடையில் யாராவது நின்று 'பொறு' என்று சொல்ல வேண்டும். ஆங்கிலேயரிடம் அது இருக்கிறது என்று அரசன் நம்பினான். இருந்ததா என்று பின்னால் பார்ப்போம்.

1816 ஜனவரி 24 அன்று 'கார்ன்வாலிஸ்' கப்பலில் அரசனையும் ராணிகளையும் உறவினர்களையும் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வேலூர்.

ஏன் வேலூர்? கம்பெனிக்கு அது பழகிய அரச சிறை. திப்பு சுல்தானின் பிள்ளைகளை 1799-க்குப் பிறகு அங்கேதான் வைத்திருந்தார்கள். அகழி, கருங்கல் மதில், உள்ளே வழிபாடு இல்லாமல் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயில், மகால்கள், சிப்பாய் லைன்கள். 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் அந்தக் கோட்டை வெடித்ததை நம்மூர்ப் பாடநூல்களே சொல்கின்றன. நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி மழிக்க வேண்டும், புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்று வந்த உத்தரவு. அந்தத் தலைப்பாகை பார்க்க வெள்ளைக்காரத் தொப்பியைப் போல் இருந்தது. அதில் தோலால் செய்த ஒரு குஞ்சம். எந்த மிருகத்தின் தோல் என்ற கேள்வி பாளையம் முழுக்கப் பரவியது. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் தோலுக்குப் பேர் வாங்குவதற்கு வெகுகாலம் முன்பே, ஒரு துண்டுத் தோல் இந்த வட்டாரத்தின் வரலாற்றைப் புரட்டியிருக்கிறது. 69-ஆம் படைப்பிரிவின் நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளைக்காரர்கள் கொல்லப்பட்டார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையுடன் வந்து கோட்டையை மீட்டபோது மாண்ட சிப்பாய்கள் பல நூறு பேர். திப்புவின் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டார்கள். சென்னை ஆளுநர் வில்லியம் பென்டிங்க் மறு ஆண்டு திரும்ப அழைக்கப்பட்டார்.

அந்த எழுச்சியின் அதிர்ச்சி அச்சகம் வரை போனது என்பது பாடநூலில் இல்லாத சேதி. மத விவகாரத்தில் கை வைத்ததால்தான் வேலூர் வெடித்தது என்ற பீதி கல்கத்தாவைப் பிடித்துக்கொண்டது. 1807-இல், செராம்பூரில் பாதிரிமார் நடத்திய அச்சகத்திலிருந்து இஸ்லாமியரைப் புண்படுத்தும் பாரசீகத் துண்டுப் பிரசுரம் ஒன்று வந்தபோது, புதிய கவர்னர் ஜெனரல் மின்டோ, அச்சகத்தையே பெயர்த்துக் கல்கத்தாவுக்குக் கொண்டுவாருங்கள், எங்கள் கண் முன்னால் நடத்துங்கள் என்று உத்தரவிட்டார். பாதிரிமார் மன்றாடியதில் இடமாற்றம் நின்றது. ஆனால் அச்சடிப்பதை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்றானது. கம்பெனி ஆண்ட இந்தியாவில் பத்திரிகைத் தணிக்கை 1799 முதலே நடைமுறையில் இருந்தது. வேலூர், அந்தப் பயத்துக்கு ஒரு முகம் கொடுத்தது.

பத்து ஆண்டு கழித்து அதே கோட்டைக்குள் கண்டி அரசன் வந்தான். அவன் குடும்பம் இருந்த பகுதிக்கு இன்றும் கண்டி மகால் என்றுதான் பெயர். குற்றப்பத்திரிகை இல்லை, வழக்கு இல்லை, தண்டனைக் காலம் இல்லை. உதவித்தொகை உண்டு. அங்கே அவனுக்கு ஒரு மகன் பிறந்தான். ஆள் வேலூரில் கிடந்தாலும் பெயர் மலைநாட்டில் நடமாடியது. 1817-18-இல் ஊவாவில் கிளர்ச்சி வெடித்தபோது, முன்னால் நின்ற வில்பாவ என்பவன் தன்னைத் துரைசாமி என்று, நாயக்க அரச குடும்பத்தவன் என்று சொல்லிக்கொண்டான். அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல என்ற திசாவை, அதாவது மாகாணத் தலைவன், மறுபக்கம் சேர்ந்துகொண்டு, தோற்று, 1818 நவம்பர் 26 அன்று தலை வெட்டப்பட்டான். பிரௌன்ரிக் ஊவாவில் வயலையும் வீட்டையும் எரித்து அடக்கினார். கெஜட்டில் இதற்குப் பெயர் அமைதியை மீட்டல். அரசனைக் காட்டிக்கொடுத்த எகலப்பொலவையும் நம்பவில்லை; வழக்கு விசாரணை எதுவும் இல்லாமலே காவலில் வைத்து, 1825-இல் மொரிஷியஸுக்கு அனுப்பினார்கள். 1829-இல் அங்கேயே இறந்தான். அரசன் ஒரு கரையில், அவனைக் கவிழ்த்தவன் இன்னொரு கரையில். இருவருக்குமே நீதிமன்றப் படி மிதிக்கக் கிடைக்கவில்லை.

ராஜகாரியத்தைக் கொடுமை என்று எழுதியவர்கள் அதை விட்டார்களா? இல்லை. கொழும்பு–கண்டி நெடுஞ்சாலை, எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், அதே ராஜகாரிய உழைப்பில்தான் போடப்பட்டது. சாலை நன்றாக இருந்தது, காசு வரவில்லை. காலனி நஷ்டத்தில் ஓடியது. அதனால்தான் லண்டன் விழித்துக்கொண்டு விசாரணைக் குழு அனுப்பியது. உரிமை பற்றிய கவலை அல்ல, கணக்கு பற்றிய கவலை. 1829-இல் வில்லியம் கோல்புரூக்கும் அடுத்த ஆண்டு சார்லஸ் கேமரனும் வந்து இறங்கினார்கள். தீவு முழுக்கச் சுற்றினார்கள், மனு வாங்கினார்கள். 1831 இறுதியிலும் 1832-இலும் அறிக்கைகளைத் தந்தார்கள். ஆளுநரின் தனியாட்சிக்குக் கடிவாளம், சட்ட நிரூபண சபை, ராஜகாரியம் ஒழிப்பு, கறுவா ஏகபோகம் ஒழிப்பு, மலைநாட்டையும் கரையோரத்தையும் ஒரே நிர்வாகத்தில் இணைத்தல், ஆங்கிலப் பள்ளிகள். கூடவே, அரசின் பிடியில் இல்லாத பத்திரிகை வேண்டும் என்றும் பரிந்துரை. 1832 ஏப்ரலில் ராஜகாரியம் சட்டப்படி ஒழிந்தது. அந்த வேலையால் வெட்டிய ஏரிக்காக வசை வாங்கிய அரசன் வேலூரில் இறந்து பத்து வாரம் ஆகியிருந்தது.

புதிய ஆளுநர் வில்மட் ஹார்ட்டன் வித்தியாசமான ஆள். பத்திரிகை வேண்டுமா, நானே நடத்துகிறேன் என்று இறங்கிவிட்டார். 'கொழும்பு ஜர்னல்' அரசாங்க அச்சகத்தில் அடிக்கப்பட்டது. அச்சகக் கண்காணிப்பாளர் ஜார்ஜ் லீதான் ஆசிரியர். ஆளுநரே புனைபெயர்களில் எழுதினார். சர்க்கார் காகிதத்தில் சர்க்காரை விமர்சிக்கும் கடிதங்கள், அதற்குச் சர்க்கார் தலைவனே முகமூடி போட்டுப் பதில்! நம்மூரில் முதலமைச்சர்கள் தங்கள் கட்சிப் பத்திரிகையில் எழுதியது நமக்குத் தெரியும். ஹார்ட்டன் அதற்கெல்லாம் முன்னோடி. லண்டனுக்கு இது பிடிக்கவில்லை. அரசாங்கமே விவாதப் பத்திரிகை நடத்துவது முறையல்ல என்று உத்தரவு வர, 1833 டிசம்பர் 31-உடன் ஜர்னல் நின்றது. ஐந்து வாரம்தான் இடைவெளி. 1834 பிப்ரவரி 4 அன்று கொழும்பு வணிகர்களின் 'அப்சர்வர்' வெளிவந்தது. அதே ஆண்டு மே 22 அன்று சட்ட நிரூபண சபை முதன்முதலாகக் கூடியது.

சபையைப் பற்றி அதிகம் மெச்சிக்கொள்ள ஒன்றுமில்லை. பதினைந்து பேரில் ஒன்பது பேர் அதிகாரிகள். மீதி ஆறில் மூவர் ஐரோப்பியர். சிங்களர், தமிழர், பறங்கியர் (ஐரோப்பியக் கலப்பு வழியினர்) என்று இனத்துக்கு ஒருவர். எல்லாருமே ஆளுநர் நியமித்தவர்கள். இன வாரியாக நாற்காலி போடும் பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது. அதன் விளைவுகளுக்கு இத்தொடரில் தனி இதழ்களே தேவைப்படும். ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். தமிழர் நாற்காலியில் அமர்ந்தவர் ஆறுமுகம்பிள்ளை குமாரசுவாமி. ஆளுநரின் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமிக்கும், பொன்னம்பலம் ராமநாதன், அருணாசலம் சகோதரர்களுக்கும் தாத்தா. 1835-இல் கொழும்பில் ஒரு தமிழர் சட்டசபையில் உட்கார்ந்தார். சென்னை மாகாணத்தில் இந்தியருக்கு அப்படி ஒரு நாற்காலி கிடைக்க 1861-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பத்திரிகை விஷயத்தில் இரு கரையும் ஏறக்குறையச் சேர்ந்தே நடந்தன. இந்தியாவில் பென்டிங்க், ஆமாம், வேலூரால் பதவியிழந்த அதே பென்டிங்க், கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்து பத்திரிகைகளைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாமல் விட்டார். ஆனால் சட்டத்தை மாற்றவில்லை. அவர் போனபின் தற்காலிகமாக அந்த இடத்தில் அமர்ந்த சார்லஸ் மெட்காஃப், 1835-இல் தணிக்கையையும் உரிமத்தையும் எடுத்தார். அச்சிடுபவரும் வெளியிடுபவரும் பெயரைப் பதிந்தால் போதும் என்றார். மெட்காஃபுக்கு நிரந்தரப் பதவி கிடைக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். இலங்கையிலும் 1839-இல் பதிவு முறை ஒரு கட்டளைச் சட்டமாக வந்தது. யாழ்ப்பாணத்தில் 1841 ஜனவரி 7 அன்று அமெரிக்க மிஷன் 'உதயதாரகை'யைத் தொடங்கியது. ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்று ஆங்கிலப் பெயர் தாங்கிய இரு தமிழர்கள் அதன் ஆசிரியர்கள். அது தனிக் கதை, அடுத்த இதழுக்கு.

இனி, அரசன் ஹூக்கிடம் சொன்னதற்கு வருவோம்.

1847-இல் டொரிங்டன் பிரபு ஆளுநராக வந்தார். வயது முப்பத்து நான்கு, கண்டி அரசன் அரியணை இழந்த வயதுக்கு ஒன்று குறைவு. காப்பி விலை விழுந்து வருமானம் சரிந்திருந்தது. 1848-இல் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. சாலைச் சட்டத்தின்படி ஆண்டுக்கு ஆறு நாள் சாலை வேலை, இல்லாவிட்டால் மூன்று ஷில்லிங். ஒழித்ததாகச் சொன்ன ராஜகாரியம் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டது என்று மலைநாட்டார் புரிந்துகொண்டதில் தப்பென்ன?

அப்சர்வர் அப்போது கிறிஸ்டோபர் எலியட் என்ற ஐரிஷ் மருத்துவர் கையில் இருந்தது. அரசு வைத்தியராகத் தீவுக்கு வந்து பத்திரிகைக்காரராக மாறியவர்; தீவிர ஜனநாயகவாதி. 1848 ஜூலை 3 அன்று 'ஓர் ஆங்கிலேயன்' என்ற கையொப்பத்துடன் அதில் ஒரு கடிதம் வந்தது. புதிய வரிகளைக் கடுமையாகச் சாடிய கடிதம். பாரிசில் மக்கள் அரசனை விரட்டி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஐரோப்பா முழுக்கத் தீப்பற்றி எரிந்த ஆண்டு அது. கடிதம் சிங்களத்தில் பெயர்க்கப்பட்டுக் கைமாறியது. ஜூலை 6 அன்று கண்டி கச்சேரி என்ற அரசு அலுவலகத்தின் முன் ஆயிரக்கணக்கில் மக்கள் கூடினார்கள். பத்திரிகை எழுதியதால்தான் கூடினார்கள் என்றார் டொரிங்டன். நாய்க்கு வரி போட்டதால் கூடினார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஆட்சியாளர்கள் இந்தக் கணக்கில் எப்போதும் தவறுவது வழக்கம்தான்.

ஜூலை 28 அன்று தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா என்பவன் அரசனாக முடிசூட்டிக்கொண்டான். அவன் ஏற்ற பட்டத்தில் 'ஸ்ரீ விக்கிரம' என்ற சொல் இருந்தது. கண்டி அரச குடும்பத்து உறவு என்றும் சொல்லிக்கொண்டான். வேலூர் அரசன் இறந்து பதினாறு ஆண்டு. வேலூரில் பிறந்த மகனும் 1843-இல் வாரிசின்றி இறந்துவிட்டான். பெயர் மட்டும் சாகவில்லை. கலகம் சில நாளில் அடங்கியது. அரசுப் படையில் ஒருவன் காயம்பட்டதோடு சரி. இராணுவச் சட்டமோ அக்டோபர் வரை நீடித்தது. இராணுவ நீதிமன்றங்கள் பதினெட்டுப் பேரைச் சுட்டுக்கொன்றன. கலகத் தலைவர்களில் ஒருவனான வீர புரன் அப்பு ஆகஸ்ட் 8 அன்று சுடப்பட்டான். ஆகஸ்ட் 26 அன்று கடஹபொல உன்னான்சே என்ற பிக்கு, காவி உடையோடே நிறுத்திச் சுடப்பட்டார்.

அந்தப் பிக்குவின் வழக்கில் சாட்சியம் சரியில்லை, ஒத்திப்போடுங்கள் என்று மன்றாடப் போனவர் அரசு வழக்கறிஞர் செல்பி, அதாவது ஆளுநரின் சொந்தச் சட்ட அதிகாரி. ஊரிலுள்ள வக்கீல்கள் அத்தனை பேரும் அவர் நிரபராதி என்று சொன்னாலும் நாளைக் காலையில் சுடப்படுவார் என்று டொரிங்டன் சத்தியம் வைத்துச் சொன்னதாகச் செல்பி பின்னர் சாட்சி சொன்னார். தலைமை நீதிபதி ஆன்டனி ஒலிஃபன்ட்டும் கருணை காட்டும்படி கேட்டிருந்தார். ஆலோசகர்கள் இருந்தார்கள். 'பொறு' என்று சொல்லவும் சொன்னார்கள். கோபம் தணிவதற்குள் குற்றவாளி செத்துவிட்டார்.

கண்டி அரசன் காலத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இந்த முறை கெஜட்டின் குரல் மட்டும் தீவை விட்டு வெளியே போகவில்லை. எலியட்டின் அப்சர்வர் இராணுவ நீதிமன்றங்களைத் தாக்கித் தாக்கி எழுதியது. கப்பலேறி லண்டன் போன செய்திகளை ஜோசப் ஹியூம் போன்ற தீவிர சீர்திருத்தவாத நாடாளுமன்ற உறுப்பினர்கள் கையில் எடுத்தார்கள். 1849-இல் நாடாளுமன்றம் தெரிவுக்குழு அமைத்தது. தலைவர் ஹென்றி பெய்லி. குழு இரண்டு ஆண்டு விசாரித்தது. காலனி அமைச்சர் கிரே பிரபு தன் ஆளுநரைக் காக்க முடிந்தவரை முயன்றார். ஆளுநருக்கும் அவருடைய அதிகாரிகளுக்கும் இடையிலான பூசல், அந்தரங்கக் கடிதங்கள் எல்லாம் சந்திக்கு வந்தன. அப்சர்வர் எழுதியது அத்தனையும் சரி என்று சொல்ல முடியாது. எலியட்டுக்கும் கோபம் அதிகம். ஆனால் கண்டி அரசனைப் பற்றி 1815-இல் ஒரே ஒரு தரப்புதான் அச்சில் இருந்தது. 1848-ஐப் பற்றி நமக்கு இன்று இரண்டு தரப்பும் அச்சில் கிடைக்கின்றன. பிக்குவை எந்த உடையில் நிறுத்திச் சுட்டார்கள் என்பதுவரை தெரிவது அதனால்தான்.

நாய் வரியும் துப்பாக்கி வரியும் கடை வரியும் கைவிடப்பட்டன. சாலைச் சட்டம் நீடித்தது. பிக்குகளுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. கொங்காலேகொட பண்டாவைத் தூக்கில் போடத் தீர்ப்பாகி, பின்பு நூறு கசையடியாகவும் நாடுகடத்தலாகவும் குறைந்தது. மலாக்காவுக்கு அனுப்பினார்கள், 1849 டிசம்பரில் அங்கே இறந்தான். வேலூர், மொரிஷியஸ், மலாக்கா என்று தீவு தன் தலைவர்களைக் கடல் கடத்திய பட்டியலில் அவனும் சேர்ந்தான்.

டொரிங்டன் 1850-இல் திரும்ப அழைக்கப்பட்டார். சிறையில்லை, அபராதமில்லை. 1853 முதல் இங்கிலாந்து அரச குடும்பத்தின் அந்தரங்கப் பிரபுக்களில் ஒருவராகப் பணி கிடைத்தது. முதலில் விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட்டிடம், பிறகு அரசியிடமே, 1884-இல் சாகும்வரை. அந்த வேலை அவரை அடிக்கடி வின்ட்சர் மாளிகைக்கு அழைத்துப்போயிருக்கும். 1815-இல் கண்டியில் கைப்பற்றிய அரியணையை அப்போது அங்கேதான் வைத்திருந்தார்கள். அதில் உட்கார்ந்துதான் பிரிட்டிஷ் அரசர்கள் பிரபுக்களுக்கு விருது வழங்கினார்கள். 1934-இல்தான் அது இலங்கைக்குத் திரும்பியது.

(தொடரும்)